சின்னப் பெயர்ப்பலகைக் கடைக்கு எந்தப் பிரிண்டர், பத்தடியா ஐந்தடியா?

கேள்வி (2025 ஜனவரி 11, கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

அண்ணன்மார், இப்ப என்னிடம் இருக்கிறது 24 அங்குல கட்டர் ஒன்றும் கம்ப்யூட்டரும்தான். ஓட்டோ ஸ்டிக்கர், பைக் ஸ்டிக்கர், கடைக் கண்ணாடி எழுத்து, சின்னச் சின்ன போர்ட் செய்கிறேன். பனர் வந்தால் வெளியில் கொடுத்து அடித்து எடுக்கிறேன், அதில் மிஞ்சுவது பஸ் காசு. இனிச் சொந்தமாக மெஷின் போடுவோம் என்று வீட்டில் கதைத்து முடிவெடுத்தாச்சு. எடுத்தால் பத்தடி பிளெக்ஸ் மெஷின்தான் எடுக்க வேண்டும், ஐந்தடி ஆறடி எடுத்தவர்கள் இரண்டு வருசத்தில் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று கொழும்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஜனவரி 12

தம்பி, பத்தடி வேண்டாம்.

பத்தடி விற்பவர் சொல்வது வேகக் கணக்கு. கொனிக்கா 512 ஹெட் (மையைத் துளியாகத் தெளிக்கிற பாகம்) நான்கு பூட்டிய மெஷின் ஒரு மணித்தியாலத்தில் பல நூறு சதுர அடியை அடித்துத் தள்ளும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வேகத்துக்குத் தீனி எங்கே? மட்டக்களப்பு ரவுனிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் நான் போய்வருகிற கடைகளில் பத்தடி மெஷின் பாதி நேரம் போர்வை மூடித்தான் நிற்கிறது. பனர் என்பது யார் அடித்தாலும் ஒரே சாமான் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார், அதனால் சதுர அடிக்கு ஐந்து ரூபா பத்து ரூபா குறைத்துத்தான் ஒருவர் ஓடரை மற்றவர் பிடிக்கிறார். அந்தச் சண்டைக்குள் கடன் வாங்கிக்கொண்டு புதிதாக நுழைய வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. பத்தடிக்காரரிடமே கொடுத்து அடித்து எடுங்கள், அவருடைய மெஷின் ஓடினால் அவருக்கும் சந்தோசம்.

உங்கள் கை பழகியது ஒட்டுகிற வேலையில். பில் புத்தகத்தை எடுத்துக் கடந்த ஆறு மாத ஓடரை ஒட்டுகிறது, கட்டுகிறது, வெட்டுகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஸ்டிக்கர் அடித்துப் பலகையில் ஒட்டுவது முதலாவது, பனர் கட்டுவது இரண்டாவது, நிற ஸ்டிக்கரை எழுத்தாக வெட்டுவது மூன்றாவது. எதில் ஓடர் அதிகம் என்று பார்க்காதீர்கள், எதில் கையில் காசு நின்றது என்று பாருங்கள். என் கடையில் எப்போதும் ஒட்டுகிற வேலைதான் வாடகை கட்டுகிறது.

அடுத்தது அகலம். போர்ட்டுக்குப் பாவிக்கிற ஃபோம் ஷீட்டும் அலுமினியம் காம்போசிட் ஷீட்டும் 4க்கு 8 அடி. நாலடி என்றால் 1220 மில்லிமீட்டர். 54 அங்குல மெஷின் 1371 மில்லிமீட்டர் வரை எடுக்கும், ஆகவே ஒரு முழு ஷீட்டை ஒட்டு விழாமல், ஓரத்தில் மடித்து ஒட்டவும் இடம் விட்டு, ஒரே துண்டாக மூடலாம். 24 அங்குலத்திலோ 44 அங்குலத்திலோ அது நடக்காது, நடுவில் கோடு விழும், மழை முடிந்து வெயில் ஏறும்போது அந்தக் கோட்டிலிருந்துதான் ஸ்டிக்கர் கழறத் தொடங்கும். அதனால் 54க்குக் கீழே எதையும் பார்க்க வேண்டாம்.

ஜனவரி 12, இரவு

வேகம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. ஒற்றை ஹெட் மெஷினை நிதானமாக ஓடவிட்டு மணிக்கு 10 சதுர மீட்டர் எடுத்தாலும் அது 100 சதுர அடிக்கு மேல். எட்டு மணித்தியாலம் ஓடினால் 860 சதுர அடி. 860 சதுர அடி ஓடர் ஒரே நாளில் உங்கள் கடைக்கு வந்த நாள் ஏதும் உண்டா? இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வேகத்தைப் பற்றி யார் கதைத்தாலும் பயப்படத் தேவையில்லை.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது, ஹெட் பற்றிக் கேட்டவர்களுக்கு இன்று பதில்.

மெஷினின் உடம்பில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி, ஐந்தடி ஆறடி சீன மெஷின்களுக்குள் இருப்பது பெரும்பாலும் எப்சன் ஹெட்தான். விற்பவர் மெஷினின் நிறத்தையும் திரையையும் காட்டுவார், நீங்கள் ஹெட்டைச் சுமந்து ஓடுகிற கேரியேஜின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்பி600 என்பது எப்சனின் அதே பெயருள்ள மேசைப் பிரிண்டரிலிருந்து வந்த ஹெட். மை வெளிவருகிற துவாரம் 180 வீதம் ஆறு வரிசை, மொத்தம் 1080. தண்ணீர் மைக்கென்று செய்தது. அதை எக்கோ சொல்வென்ட் மையில் (ஸ்டிக்கருக்கும் பனருக்கும் பாவிக்கிற, கரைப்பான் கலந்த மை) ஓடவிட்டால் ஆயுள் குறையத்தான் செய்யும். டிஎக்ஸ்5 ஹெட்டில் 180 வீதம் எட்டு வரிசை, 1440 துவாரம். அருமையான ஹெட், ஆனால் பழைய மெஷினில் கழற்றிக் கழுவியதைப் புதிது என்று தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், கவனம். ஐ3200 ஹெட்டில் 400 வீதம் எட்டு வரிசை, 3200 துவாரம். இதில் மூன்று சாதி உண்டு: ஏ1 தண்ணீர் மைக்கு, ஈ1 எக்கோ சொல்வென்டுக்கு, யூ1 யூவி மைக்கு (ஊதாக்கதிர் ஒளியில் காய்கிற மை). வெளியில் பார்க்க மூன்றும் ஒன்றுபோல இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஈ1. அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், "ஐ3200 ஹெட்" என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

காசு இடம் கொடுத்தால் ஒற்றை ஐ3200 ஈ1 போதும். இரட்டை ஹெட் வேண்டாம், இரண்டு ஹெட்டையும் ஒன்றுக்கொன்று நேர்ப்படுத்தி வைப்பது தனி வேலை, அதற்கு ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

ஜனவரி 17

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தபோது எக்ஸ்பி600 பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொன்னதுபோல் படுகிறது. கையில் காசு குறைவு, நாளுக்கு ஒரு போர்ட் இரண்டு போர்ட்தான் வேலை என்றால் அது நல்ல தெரிவுதான். ஹெட் விலை குறைவு, நாமே கழற்றிப் பூட்டலாம், ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்துக்கொள்ளலாம். விலைகூடிய ஹெட் ஒன்று போய், மாற்றக் காசில்லாமல் மாதக்கணக்கில் மெஷின் படுத்துக் கிடந்த கடையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ஹெட் நாளைக்கே போனால், என் கைக்காசில் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால் அந்த ஹெட் உள்ள மெஷின் உங்களுக்குரியது இல்லை.

ஜனவரி 20

இங்கே மழை விட்டபாடில்லை, தேத்தண்ணி குடித்தபடி இதை எழுதுகிறேன்.

மெஷின் வாங்குமுன் அறையைப் பாருங்கள். நம்முடைய பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் ஈரம். மை கெட்டுப்போகாது, கெடுவது ஸ்டிக்கர் ரோல். பின்னால் இருக்கிற கடதாசி ஈரத்தை இழுத்து அலை அலையாக எழும்பும், அந்த அலையில் ஹெட் உரசும், உரசினால் துவாரம் போச்சு. ரோலை நிலத்தில் நிறுத்தி வைக்காமல், பொலித்தீன் சுற்றி, நடுவில் குழாய் போட்டுத் தொங்கவிடுங்கள். அறைக்கு ஏசி கட்டாயம், குளிருக்காக இல்லை, ஈரத்தை இழுக்க. காற்றில் ஈரம் 40 முதல் 60 வீதத்துக்குள் நின்றால் நல்லது, ஈரமானி சின்னதாக ஒன்று சுவரில் மாட்டிவிடுங்கள்.

எக்கோ என்ற பெயரைப் பார்த்து மணமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் சொல்வென்ட்தான், வெளியேற்றும் விசிறி வேண்டும். பிள்ளைகள் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் மெஷினை வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 27

சாய்ந்தமருதிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) லேட்டெக்ஸ் மெஷின் பற்றிக் கேட்டிருக்கிறார், மணமும் இல்லை, அடித்தவுடன் காய்ந்தும் வருகிறதாமே என்று.

உண்மைதான் காக்கா. எச்பி கொம்பனி 2008இல் கொண்டுவந்த முறை அது. தண்ணீரில் கரைத்த மை, சூட்டில் பதமாகி வெளியில் வரும்போதே காய்ந்திருக்கும், அந்த நிமிசமே லேமினேட் பண்ணலாம், அதாவது மேலே தெளிவான பிளாஸ்டிக் படலம் ஒட்டலாம். எக்கோ சொல்வென்டில் அடித்ததை ஒரு நாள், 24 மணித்தியாலமாவது, விரித்துக் காயவிட்டுத்தான் லேமினேட் பண்ண வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட சொல்வென்ட் பசையை இளக்கிவிடும், ஓரம் சுருளும். ஹெட்டையும் லேட்டெக்ஸில் நாமே ஒரு நிமிசத்தில் கழற்றிப் போடலாம். 315 மொடல் 54 அங்குலம், 335 மொடல் 64 அங்குலம். பாடசாலைச் சுவர், ஆசுபத்திரி வார்டு, ஹோட்டல் அறை என்று உள்ளே ஒட்டுகிற வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. பாசிக்குடா ஹோட்டல் வேலை கையில் இருக்கிற ஒருவர் என்றால் நானே எடுக்கச் சொல்லுவேன்.

ஆனால் சூடு என்றால் கரண்ட். ஓடும்போது இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும், ஏசி தனி. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் அது சரிவராது. காக்காவின் கடை இருக்கிற இடத்தில் லைன் எப்படி என்று முதலில் ஒரு மின்வேலைக்காரரை வைத்து அளந்து பாருங்கள், பின்னேரம் அளக்கச் சொல்லுங்கள்.

யூவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அக்ரிலிக்கிலும் மரத்திலும் நேரே அடிக்க நல்லது, முதல் மெஷினாக எடுக்க வேண்டாம்.

பெப்ரவரி 11

ஞாயிறு பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். அதோடு நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோக, இன்றைக்கும் கரண்ட் வெட்டு. குரங்கை வைத்து எல்லாரும் பகிடி விடுகிறார்கள், விடட்டும், எங்களுக்கு இது வேலை நாளில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கேரியேஜ் நடுவழியில் நின்றுவிடும். ஹெட் மூடியில்லாமல் காற்றில் திறந்து கிடக்கும். கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை, 2022இல் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதிரி என்றால் துவாரத்தில் மை காய்ந்து ஹெட் முடிந்தது. ஆகவே கரண்ட் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை: மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள், கேரியேஜைக் கையால் மெதுவாக வலப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய், ஹெட்டை மூடுகிற கேப்பின்மேல் உட்கார வையுங்கள். கேப்புக்குள் கிளீனிங் திரவம் சில துளி விட்டிருந்தால் இன்னும் நல்லது. கடையில் நிற்கிற பொடியனுக்கு, சுத்தம் பண்ண வருகிற அக்காவுக்கு, எல்லாருக்கும் இதைச் செய்து காட்டி வையுங்கள். கரண்ட் போகும்போது முதலாளி கடையில் இருப்பார் என்று யாரும் எழுதித் தரவில்லை.

யூபிஎஸ் வாங்குபவர்கள் மெஷினின் ஹீட்டரையும் அதில் பூட்டினால் அது தாங்காது. ஹீட்டர் தனி லைனில், மெஷினின் எலக்ட்ரோனிக் போர்டும் மோட்டாரும் கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸில். சில மெஷினில் இரண்டு வயர் தனித்தனியாகவே வரும், வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள். எர்த் கம்பி நல்ல ஆழத்தில் இறக்குங்கள். கல்லடி, காத்தான்குடி பக்கம் மேல் மணல் வெயில் காலத்தில் காய்ந்துவிடும், ஈரம் இருக்கிற ஆழம் வரை கம்பி போனால்தான் எர்த் பிடிக்கும்.

பெப்ரவரி 24

தம்பி பாவித்த மெஷின் ஒன்றைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறாராம். நல்லது, ஆனால் வெறுங்கையோடு போக வேண்டாம்.

பாவித்தது பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடையில் பாவிக்கிற அதே ஸ்டிக்கரில் ஐந்தாறு மீட்டரைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் தருகிற ஷீட்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் அடிக்கும். போனவுடன் மெஷின் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் கழுவித் தயார் பண்ணியிருக்கிறார்கள். முதலில் நொசில் டெஸ்ட், அதாவது எல்லாத் துவாரத்திலும் மை வருகிறதா என்று காட்டுகிற அச்சு, அடிக்கச் சொல்லுங்கள். படிக்கட்டு மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள் வரும், எந்தப் படி இல்லை என்று பேனையால் வட்டம் போட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. சியான், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு நான்கையும் தனித்தனிப் பட்டையாக, முழு அடர்த்தியில், நீளமாக ஓடவிடுங்கள். அவசரப்படாதீர்கள், அரை மணி, ஒரு மணி ஓடட்டும். தொடக்கத்தில் எல்லா மெஷினும் ஒழுங்காக ஓடும். மை போய்ச்சேர்வதில் குறை இருந்தால் அரை மணிக்குப் பிறகுதான் பட்டையின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் இன்னொன்று. ஓட்டம் முடிந்த கையோடு கிளீனிங் போடவிடாமல் இரண்டாவது நொசில் டெஸ்ட் அடியுங்கள். பையில் இருக்கிற தாளோடு வைத்துப் பாருங்கள். முதலில் இல்லாத இடம் இரண்டாவதிலும் அதே இடம் என்றால் துவாரம் பெரும்பாலும் நிரந்தரமாகப் போனது. முதலில் இருந்தது இரண்டாவதில் காணாமல் போனால் ஹெட் நல்லது, டேம்பரோ (ஹெட்டுக்கு மேலே மை தேங்குகிற சின்னப் பெட்டி) பம்ப்போ கேப்போ பழுது, அது சின்னச் செலவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் விலை பேசும்போது உங்கள் கை ஓங்கும்.

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பெட்டி, இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம். சாம்பலில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கட்டத்தின் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளவுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நீளம் வரவேண்டும். வராவிட்டால் ரோல் சரிந்து போகிறது, பெரிய போர்டில் இரண்டு துண்டை ஒட்டும்போது எழுத்து பொருந்தாது.

ரோலண்ட், மிமாக்கி மாதிரி ஜப்பான் மெஷினில் அடிப்பதும் வெட்டுவதும் ஒன்றாக இருப்பது உண்டு. உறுதியான சாமான். ஆனால் உங்களிடம் கட்டர் இருக்கிறதே. வெட்டிக்கொண்டிருக்கும்போது அடிக்க முடியாது, மை காயாமல் வெட்டினால் ஓரம் சுருங்கும். தனித்தனியாக இருப்பதே சின்னக் கடைக்கு நல்லது. உங்கள் கட்டருக்குப் பதிவுக் குறியைப் படிக்கிற கண் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், இல்லையென்றால் அடித்த ஸ்டிக்கரை ஓரம் பிடித்து வெட்ட முடியாது.

பெப்ரவரி 25

மறந்துபோனேன். சேர்விஸ் மெனுவில் எத்தனை சதுர மீட்டர் அடித்திருக்கிறது என்ற கணக்கு இருக்கும், அதைப் படம் எடுங்கள்.

மார்ச் 16

தம்பி போய்ப் பார்த்த மெஷினில் இரண்டாவது டெஸ்டிலும் அதே இடங்கள் விடுபட்டிருந்தனவாம். விட்டுவிட்டு வந்துவிட்டார். நல்ல வேலை செய்தீர்கள். போன பஸ் காசைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது புதிதா பாவித்ததா என்று கேட்கிறார். புதிதென்றால் லீசிங். நான் லீசிங்குக்கு எதிரி இல்லை, ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் பார்த்து எடுப்பவர்கள் ரூபாவை மறந்துவிடுகிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. மை, ஹெட், ஸ்டிக்கர் எல்லாம் இறக்குமதி. வட் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதம் ஆனது. தவணை மாறாது, மை விலை மாறும். நிறைந்த படம் ஒன்றுக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலீட்டர் மை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பழகுங்கள், மை விலை ஏறிய அன்றே உங்கள் விலையையும் மாற்றத் தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியம் பழுது பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ஆள் இரவு பஸ்ஸில் ஏறி வந்து, பார்த்து, சாமான் இல்லை என்று திரும்பிப் போய், மறுபடி வரும்வரை ஓடர் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆகவே எந்த மெஷின் எடுத்தாலும் டேம்பர் ஒரு தொகுதி, கேப் ஒன்று, ஹெட்டைத் துடைக்கிற வைப்பர் இரண்டு, பம்ப் ஒன்று, ஹெட் கேபிள் ஒரு சோடி, எல்லாம் வாங்கும் அன்றே பேரத்துக்குள் சேர்த்துக் கேளுங்கள். மெஷின் விற்கும்வரைதான் அவர்கள் தருவார்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அதே மெஷின் வைத்திருக்கிற இன்னொரு கடை இருந்தால் அது இன்னும் பெரிய பலம். ஊரில் ஒருவரிடமும் இல்லாத மெஷினை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 27

தேர்தல் வருகிறது, மே 6 உள்ளூராட்சி, இப்போதே மெஷின் போட்டால் பனர் வேலை பிய்த்துக்கொண்டு போகுமா என்று ஒருவர். போகாது. தேர்தல் காலத்தில் வீதியோரம் சுவரொட்டி, பனர், கட்டவுட் வைக்கத் தடை, பொலிஸ் வந்து கழற்றும். துண்டுப்பிரசுரம் அச்சுக்கூடத்துக்குப் போகும். தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட வேண்டாம்.

மே 18

பனரைப் பற்றி ஜனவரியில் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேற்று இரவு கடையில் நடந்ததால்தான் எழுதத் தோன்றியது.

இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஒரு மரண வீடு. கண்ணீர் அஞ்சலி பனர் விடியமுன் சந்தியில் கட்ட வேண்டும். மகன் கொண்டுவந்தது அடையாள அட்டைப் படம் ஒன்று, தேய்ந்து, ஒரு பக்கம் நீலமாகி. என் மனைவிதான் டிசைன் பார்ப்பவர். படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டு வரும்போது கன்னத்தில் இருந்த மச்சத்தையும் கறை என்று துடைக்கப் போனார். பின்னால் நின்ற மகன் "அக்கா, அதை விடுங்க, அது அப்பாட மச்சம்" என்றார். துடைக்காமல் விட்டோம். அடித்து, காயவிட்டு, கயிறு கட்ட ஐலெட் வளையம் அடித்துக் கொடுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

அந்த நேரத்தில் எந்தப் பத்தடிக் கடையும் திறந்திருக்காது. நம்முடைய ஊர்களில் மரண வீட்டு வேலை என்பது விலை பேசுகிற வேலை இல்லை, நம்பி வருகிற வேலை. அதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் முப்பத்தொராம் நாள் நினைவு மலரும் அவர்கள் கடை போர்டும் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா பனரும் உங்களிடம்தான் வரும். ஆகவே பனரை முழுக்க வெளியில் கொடுங்கள் என்று சொன்னது பெரிய பனருக்கு. 4க்கு 3, 5க்கு 4 அடிக்காவது சொந்த மெஷின் வேண்டும். அப்படிப் பார்த்தால் 54 அங்குலத்தைவிட 1.6 மீட்டர் மெஷின்தான் சரி. ஐந்தடி பிளெக்ஸ் ரோல் போகும், 1.52 மீட்டர் ஸ்டிக்கர் ரோலும் போகும், நாலடி போர்டும் வரும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லை.

முகம் அடிக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், 4 பாஸில் (ஒரே இடத்தின்மேல் ஹெட் நான்கு தரம் ஓடுவது) அடிப்பதை 8 பாஸில் அடியுங்கள். கடை விளம்பரத்தில் சிவப்பு கொஞ்சம் மாறினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. இறந்தவரின் முகம் சாம்பல் பூத்து வந்தால் அந்த வீட்டாருக்கு அது எவ்வளவு வலிக்கும்.

ஜூன் 15

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மாரியில் ஈரம் என்றால் இப்போது தூசி. வயல் வெட்டும் காலம் வந்தால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் உமித்தூளும் சேரும். ஒரு மயிரிழை தும்பு ஸ்டிக்கரில் ஒட்டி ஹெட்டுக்குக் கீழே இழுபட்டால் போதும், அந்த வரி முழுக்கக் கறை. கதவுக்கு இரட்டைத் திரை போடுங்கள், கட்டரை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காலையில் ரோலின் முதல் சுற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். காய்ந்த காற்றில் ஸ்டிக்கரை இழுக்கும்போது கையில் ஷொக் அடித்தால் எர்த்தைப் பாருங்கள்.

வெயிலைப் பற்றி: லேமினேட் இல்லாமல் வெளியில் வைத்தால் முதலில் போவது மெஜெண்டாவும் மஞ்சளும், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சி நிற்கிற போர்ட்டுகளை வீதி நெடுக இப்போதே பார்க்கலாம். வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் இரண்டு விலையையும் சொல்லுங்கள்.

ஜூன் 16

எழுத்து உடைகிறது என்று கேட்டவருக்கு: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் அப்படித்தான் குழம்பும், முதலில் எழுத்தையே மாற்றியாக வேண்டும். பழைய கோரல்ட்ரோவில் யுனிகோட் தமிழின் கொம்பு தனியாகக் கழன்று நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தெரிவுசெய்ய வேண்டும். எப்படிச் செய்தாலும், படத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற ரிப் மென்பொருளுக்கு அனுப்புமுன் எழுத்து எல்லாவற்றையும் கோடாக மாற்றிவிடுங்கள். மும்மொழி போர்ட் என்றால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அடிக்க வேண்டாம். அம்பாறைக்குப் போகிற போர்டில் ஒரு பில்லம் (சிங்கள உயிர்க்குறி) விடுபட்டாலும் முழு ஷீட்டும் வீண், அதேபோல நம்முடைய எழுத்தை அவர்கள் பிழையாகப் போட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது, அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜூலை 27

ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போய்வந்த களைப்பு இன்னும் போகவில்லை, அதனால் சுருக்கமாக.

தம்பி மெஷின் போட்டுவிட்டார், 1.6 மீட்டர், ஒற்றை ஐ3200 ஈ1, புதிது. அதே மொடல் கல்முனையிலேயே இன்னொரு கடையில் ஓடுகிறது. போய்ப் பார்த்தேன், அறை ஒழுங்காக இருக்கிறது, ஈரமானி சுவரில் தொங்குகிறது. இப்போது பிரச்சினை கறுப்பு மட்டும், ஒரு மணி ஓடியபின் விடுபடுகிறதாம். ஹெட்டில் கை வைக்க வேண்டாம். கறுப்பு டேம்பரைத் தூக்கிப் பாருங்கள், பாதிக்குக் கீழே மை இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. குழாய் டேம்பரில் ஏறுகிற இடத்தில் இருக்கிற ஓ-ரிங்கைக் கழற்றி விரலால் தடவுங்கள், வெடித்திருந்தால் தெரியும். அதுவும் சரியென்றால் டேம்பரை மாற்றுங்கள், அதற்குப் பிறகுதான் கேப்.

ஓகஸ்ட் 3

ஓ-ரிங்தானாம். மாற்றியதும் சரிவந்துவிட்டது.

மலிவான மை ஒன்று வந்திருக்கிறது, பாதியில் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு மையின்மேல் இன்னொரு கொம்பனி மையை ஊற்ற வேண்டாம். சில மை சேர்ந்தால் தயிர்போல் திரையும், டேம்பரும் ஹெட்டும் சேர்ந்தே போகும். மாற்றியே தீர வேண்டும் என்றால் குழாயில் இருக்கிற பழையதை முழுக்க இறக்கி, கிளீனிங் திரவம் ஓடவிட்டுக் கழுவி, அதன் பிறகு புதியது, அதோடு நிறம் சரியாக வர மென்பொருளில் வைக்கிற நிற புரொபைலையும் புதிதாகச் செய்ய வேண்டும். லீட்டருக்கு மிஞ்சுகிற காசு அந்த வேலைக்கே சரி.

அதைவிட, ஒரே மை பாவிக்கிற நாங்கள் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் விலை தானாகக் குறையும். களுவாஞ்சிகுடிக்காரர் சேர்வதாகச் சொல்லிவிட்டார், சாய்ந்தமருது காக்காவும் சரி என்கிறார். போத்தலில் காலாவதித் திகதி பார்த்துத்தான் எடுப்பேன், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். யாருக்கு எந்த நிறம் எத்தனை லீட்டர் என்று செவ்வாய்க்கு முதல் எழுதுங்கள், லொறி புதன் இரவு கொழும்பில் இருந்து வெளிக்கிடுகிறது.